பூட்டிய கடிதம் யாருக்காக?

ஓப்பன் பி.ஜி.பி. தர விதி: ஒரு திறனாய்வு

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நூல் வெளிவந்தது. அதற்கு அட்டைப் படம் கிடையாது, விலையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கணிப்பொறியில் இலவசமாகப் படித்துக்கொள்ளலாம். அதன் பெயர்கூட வெறும் எண்தான்: ஆர்.எஃப்.சி. 9580. கடைக்கு வராத இத்தகைய நூலுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆயினும் எழுதத்தான் வேண்டும். ஒருவர் சங்கேதமாக்கி அனுப்பும் மின்னஞ்சலை, வேறொரு நிரலை வைத்திருக்கும் இன்னொருவர் திறந்து படிக்க முடியுமா என்பதை இத்தகைய நூல்களின் வாசகங்களே தீர்மானிக்கின்றன.

இணையத்தின் விதிகளை வகுக்கும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்புக்கு இணையப் பொறியியல் பணிக்குழு என்று பெயர். அதன் விதிகள் ஆர்.எஃப்.சி. என்ற வரிசையில் எண்ணிடப்பட்டு வெளியாகின்றன. நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, ஓப்பன் பி.ஜி.பி. எனப்படும் சங்கேதக் கடித முறைக்கான விதி. இம்முறையைப் பின்பற்றும் நிரல்கள் பல. அவற்றை எழுதியவர்கள் பல நாட்டினர். எல்லா நிரல்களுக்கும் பொதுவாக ஒரு விதி எழுதப்பட்டிருப்பது அதனால்தான்.

சங்கேத முறைகளைப் பற்றிப் பேசும்போது, 'பகைவர் உடைக்க முடியுமா?' என்ற கேள்வியையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு இணையான மற்றொரு கேள்வியும் உண்டு: 'நண்பர் திறக்க முடிகிறதா?' பகைவராலும் திறக்க முடியாது, நண்பராலும் திறக்க முடியாது என்றால், கடிதம் எழுதியதன் பயன் என்ன? இந்த இரண்டாவது கேள்வியை உரைகல்லாகக் கொண்டு இந்தத் தர விதியை உரசிப் பார்ப்போம்.

பூட்டு எவ்வாறு போடப்படுகிறது?

சங்கேதம் என்றவுடன், எழுத்துகளை முன்பின்னாக மாற்றி எழுதும் சிறுவர் விளையாட்டு உங்கள் நினைவுக்கு வரலாம். கணிப்பொறிச் சங்கேதமும் அடிப்படையில் மாற்றி எழுதுவதே. ஆனால் மாற்றும் கணக்கு மிகச் சிக்கலானது. பி.ஜி.பி. வகை நிரல்கள் இந்த வேலையை இரண்டு கட்டங்களில் செய்கின்றன.

முதற்கட்டத்தில், அனுப்புபவரின் கணிப்பொறி தற்காலிகச் சாவி ஒன்றை உண்டாக்குகிறது. இது எவராலும் ஊகிக்க முடியாதபடி தேர்ந்தெடுத்த ஒரு நீண்ட எண். இந்த எண்ணைக் கொண்டு கடிதம் முழுவதும் சங்கேதமாக மாற்றப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில், அந்தத் தற்காலிகச் சாவியே, பெறுபவரின் பொதுச் சாவியால் பூட்டப்படுகிறது. பொதுச் சாவி ஊரறிய வெளியிடப்படுவது. அதனால் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. திறப்பதற்குரிய தனிச் சாவி பெறுபவரிடம் மட்டுமே இருக்கும். பெறுபவர் பத்துப் பேரானால், கடிதத்தைப் பத்து முறை சங்கேதமாக்க வேண்டியதில்லை. தற்காலிகச் சாவியை மட்டும் பத்துப் பேருக்கும் தனித்தனியே பூட்டிக் கடிதத்தோடு சேர்த்துவிட்டால் போதும்.

இவை யாவும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தொடக்கத்திலும் அது எந்த வகை, எவ்வளவு நீளம் என்பன எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இப்போது சற்றுச் சிந்தியுங்கள். அனுப்புபவரும் பெறுபவரும் எத்தனை விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்? முதலாவது, பொட்டலம் கட்டும் முறை. இரண்டாவது, பொதுச் சாவியின் கணக்கு. மூன்றாவது, கடிதத்தை மாற்றப் பயன்பட்ட சங்கேத முறை. நான்காவது, உள்ளேயிருக்கும் எழுத்துகளைக் கணிப்பொறி குறிக்கும் விதம். முதல் மூன்றில் ஒன்று பிசகினாலும், சரியான தனிச் சாவியைக் கையில் வைத்திருந்தும் கடிதம் திறக்காது. நான்காவது பிசகினால், திறந்தும் படிக்க இயலாது. இந்த நான்காவது தொல்லை தமிழர்களுக்குப் பழக்கமானதே. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்த 1990-களில், ஒருவர் தமிழில் தட்டியது இன்னொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதல்லவா? அங்கே பூட்டே இல்லை. ஆயினும் படிக்க முடியவில்லை.

காப்புரிமையும் நாட்காட்டியும்

பி.ஜி.பி. என்ற முதல் நிரலை 1991-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான பில் ஜிம்மர்மன். முதற் பதிப்பில் அவர் தாமே அமைத்த ஒரு சங்கேத முறையைப் பயன்படுத்தினார். அது வலுவற்றது என்பது விரைவில் வெளிப்பட்டது. ஆகவே 1992-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'ஐடியா' என்ற முறையை எடுத்துக்கொண்டார். சுவிட்சர்லாந்தில் ஷூஜியா லாய், ஜேம்ஸ் மேஸி என்ற இருவர் உருவாக்கிய முறை அது. பொதுச் சாவிக்கு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. என்ற கணக்கு பயன்பட்டது. இவ்விரண்டின் மீதும் காப்புரிமை இருந்தது. பின்னாளில் வந்த குழப்பங்கள் பலவற்றுக்கு இதுவே வித்தாயிற்று.

ஆர்.எஸ்.ஏ. காப்புரிமை அமெரிக்காவில் மட்டும் செல்லுபடியாகும். அங்கே உரிமம் இல்லாத பழைய பதிப்புகள் புழங்குவதை நிறுத்த ஒரு வழி தேடப்பட்டது. 1994-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உரிமம் பெற்ற 2.6-ஆம் பதிப்பை வெளியிட்டது. அதனுள்ளே ஒரு நாள் குறித்துவைக்கப்பட்டிருந்தது: 1994 செப்டம்பர் 1. அந்த நாளுக்குப் பிறகு அப்பதிப்பு எழுதும் கடிதங்களைப் பழைய பதிப்புகள் படிக்க இயலாது. சங்கேதத்தின் வலிமை கூடவில்லை, குறையவுமில்லை. நாட்காட்டியில் தேதி மாறியது, கடிதத்தின் வடிவமும் மாறியது. அவ்வளவே. அமெரிக்காவுக்கு வெளியே வாழ்ந்தோர், தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்குக்காகத் தங்கள் நண்பர்களின் கடிதங்களைப் படிக்க இயலாது போகும் நிலைக்கு ஆளாயினர். இரண்டு வடிவங்களையும் படிக்கும் மாற்றுப் பதிப்புகள் வெளிநாடுகளில் விரைவிலேயே தோன்றியதில் வியப்பில்லை.

1997-இல் வந்த 5.0 பதிப்பு புதுவகைச் சாவிகளைக் கொண்டுவந்தது; 'காஸ்ட் 5' என்ற வேறு சங்கேத முறையையும் கொண்டுவந்தது. 2.6-ஐ வைத்திருந்தவர்களுக்கு இந்தப் புதிய கடிதங்கள் எட்டாக்கனியாயின. 1999-இல் ஜெர்மனியின் வெர்னர் கோக், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் தக்க க்னூ-பி.ஜி. நிரலின் 1.0 பதிப்பை வெளியிட்டார். காப்புரிமைச் சிக்கல் வேண்டாமென்று அவர் ஐடியாவையும் ஆர்.எஸ்.ஏ.-யையும் ஒதுக்கிவைத்தார். கொள்கையளவில் அது நியாயமே. ஆனால் 2.6-இல் எழுதிய கடிதங்கள் இந்த இரண்டையும் நம்பியே இருந்தன. இருவருமே பி.ஜி.பி. வழியில் எழுதுகிறவர்கள், ஆயினும் ஒருவர் கடிதம் மற்றவருக்குப் புரியாது. ஆர்.எஸ்.ஏ. காப்புரிமை 2000 செப்டம்பரில் முடிந்தது. ஐடியாவுக்கோ 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதன் விளைவு என்ன? 1999-இல் ஆல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. பி.ஜி.பி. 5.0-ஐப் பன்னிருவர் கையில் கொடுத்து 90 நிமிட அவகாசம் அளித்தார்கள். பழைய வகைச் சாவி உடையவரும் புதிய வகைச் சாவி உடையவரும் கலந்திருக்கும் நிலையும் அந்தச் சோதனையில் வைக்கப்பட்டிருந்தது. கடிதத்தைச் சரியாகச் சங்கேதமாக்கிக் கையொப்பமிட்டு அனுப்ப முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மூவர் இரகசியத்தைத் தவறுதலாக வெளிப்படையாகவே அனுப்பிவிட்டனர்.

இந்த மூவரை மறந்துவிடாதீர்கள். பூட்டு திறக்காதபோது மனிதர்கள் பூட்டைச் சீர்செய்துகொண்டு காத்திருப்பதில்லை. 'சாதாரணமாகவே அனுப்பிவிடு' என்று சொல்லிவிடுகிறார்கள். பத்திரிகையாளருக்குத் துப்புக் கொடுப்பவரானாலும், வழக்கறிஞருக்குத் தம் நிலையை எழுதுபவரானாலும், அந்த ஒரு கணத்தில் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. எந்தப் பகைவரும் உடைக்காமலேயே சங்கேதம் தோற்றுவிடுகிறது.

தர விதி செய்த பெரும் நன்மை

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுந்ததே ஓப்பன் பி.ஜி.பி. என்ற பொது விதி. 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1991, ஏற்கெனவே இருந்த வடிவத்தை விவரித்தது. 1998 நவம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 2440, எந்த ஒரு நிறுவனத்தையும் சாராத பொது விதியாக அமைந்தது. 2007 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 4880 அதன் இடத்தைப் பிடித்தது. இப்போது 9580 வந்திருக்கிறது.

இவற்றுள் ஓடிவரும் ஒரு கருத்து மிகச் சிறந்தது. பெறுபவர் தம் பொதுச் சாவியோடு ஒரு விருப்பப் பட்டியலையும் சேர்த்து வெளியிடுகிறார்: 'எனக்கு எழுதும்போது இன்னின்ன முறைகளைப் பயன்படுத்தலாம், அவற்றுள் இது எனக்கு முதல் விருப்பம்.' அனுப்புபவரின் நிரல் அந்தப் பட்டியலைப் பார்த்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னிடம் உள்ள புதுமையைக் காட்டுவதற்காக எழுதக்கூடாது. படிப்பவருக்குத் தெரிந்ததில் எழுத வேண்டும்.

பட்டியல்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் விதியில் வழியுண்டு. எல்லா நிரல்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு முறையை விதி குறிப்பிட்டுவிடுகிறது. அந்த முறை, எழுதப்படாவிட்டாலும், எல்லோருடைய பட்டியலின் கடைசியிலும் இருப்பதாகவே கொள்ளப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே கடிதத்தை மூவருக்கு அனுப்புகிறீர்கள். முதலாமவரின் பட்டியலில் ஏ.இ.எஸ். 256-உம் ஏ.இ.எஸ். 128-உம் உள்ளன. இரண்டாமவரின் பட்டியலில் ஏ.இ.எஸ். 128-உம் காஸ்ட் 5-உம் உள்ளன. மூன்றாமவர் கமீலியா 256 என்று ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறார். மூவருக்கும் பொதுவாக எழுத்தில் எதுவும் இல்லை. 2007-ஆம் ஆண்டு விதியின்படி கட்டாய முறை டிரிப்பிள் டெஸ். எனவே கடிதம் டிரிப்பிள் டெஸ்ஸில் செல்லும். 2024-ஆம் ஆண்டு விதியில் அந்த இடம் ஏ.இ.எஸ். 128-க்குத் தரப்பட்டிருக்கிறது, எனவே கடிதம் அதில் செல்லும். எவ்வாறாயினும் மூவரும் படிக்கலாம். எளிய கணக்குத்தான், ஆனால் ஒருவரையொருவர் முன்பின் அறியாத நிரலாசிரியர்களின் படைப்புகள் இதனால் ஒன்றோடொன்று பேச முடிகிறது.

இணக்கமே ஆபத்தான கதை

இணக்கம் நல்லது என்றால், எல்லாப் பழைய வடிவங்களையும் என்றென்றும் ஏற்றுக்கொண்டே இருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கூடாது. 2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் நாடுகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட 'ஈஃபெயில்' என்ற தாக்குதல் அதற்குச் சான்று.

தொடக்க காலக் கடிதங்களில், வழியில் யாரேனும் சங்கேதத்தை மாற்றியிருக்கிறார்களா என்று கண்டறியும் முத்திரை இல்லை. பிற்காலத்தில் முத்திரையிட்ட பொட்டலம் வந்தது. 2007-ஆம் ஆண்டு விதியில் அது இடம்பெற்றது. ஆனால் பழைய கடிதங்களையும் படிக்க வேண்டுமே என்பதற்காக, முத்திரையில்லாத பொட்டலங்களையும் நிரல்கள் ஏற்றுக்கொண்டே வந்தன. இந்தத் தாராளத்தையே தாக்குபவர் பயன்படுத்தலாம் என்று ஆய்வு காட்டியது. திருடி வைத்திருக்கும் சங்கேதக் கடிதத்தின் பொட்டலத்தைப் பழைய வகையாகத் தோன்றும்படி மாற்றலாம். உள்ளே படத்துக்கான இணைய முகவரி போன்ற துண்டு ஒன்றைச் செருகி, உரியவருக்கே அனுப்பலாம். அவருடைய நிரல் அதைத் திறக்கும். படத்தைத் தேடிக்கொண்டு வெளி முகவரிக்குச் செல்லும்போது, திறந்த கடிதத்தின் வாசகமும் கூடவே தாக்குபவரிடம் போய்ச் சேரும்! பூட்டை உடைக்க வேண்டியதில்லை. உரியவரின் கையாலேயே திறக்கவைத்தால் போதும்.

க்னூ-பி.ஜி. அடுத்த மாதமே 2.2.8 பதிப்பை வெளியிட்டு, முத்திரையில்லாத கடிதங்களைத் திறக்க மறுத்தது. வேண்டுமென்றே ஒரு தனிக் கட்டளை கொடுத்தால் மட்டுமே திறக்கும். சரியான முடிவுதான். ஆனால் நேர்மையாக எழுதப்பட்ட பழைய கடிதங்களும் அன்றோடு கதவுக்கு வெளியே நின்றன. 2014-இல் வந்த 2.1 பதிப்பிலேயே பி.ஜி.பி. இரண்டாம் பதிப்புக் காலத்துச் சாவிகளுக்கு இடமில்லாமல் போயிருந்தது. அக்காலக் கடிதங்களைப் படிக்க இன்றும் 1.4 என்ற பழைய கிளையைத்தான் நாட வேண்டும்.

இந்த இடத்தில் புதிய விதியைப் பாராட்டியே ஆக வேண்டும். ஐடியா, டிரிப்பிள் டெஸ், காஸ்ட் 5 ஆகிய மூன்றிலும் இனிமேல் எழுதவே கூடாது என்று அது திட்டமாகச் சொல்கிறது. அதே மூச்சில், பழைய கடிதங்களைப் படிப்பதற்காக அவற்றைத் திறக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. முத்திரையில்லாத பொட்டலத்தை உருவாக்கக் கூடாது. வந்தால் மறுப்பதே முறை. மறுக்காமல் திறந்தால் தெளிவான எச்சரிக்கை தந்தாக வேண்டும் என்கிறது. எழுதும்போது புதியதே வேண்டும். படிக்கும்போது பழையதற்கும் இடமுண்டு, ஆனால் தனி வாசல் வழியாக. முப்பது ஆண்டு அனுபவம் இந்தச் சில வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது.

இரண்டாகப் பிரிந்த வழி

பழைய கடிதங்களோடு இவ்வளவு பொறுமையாக நடந்துகொண்ட விதி, சமகாலத்தவர்களோடு எவ்வாறு நடந்துகொண்டது?

2007-ஆம் ஆண்டு விதியைப் புதுப்பிக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அது முடிவதற்கு முன்பே, அப்போதைய வரைவை ஒட்டி, க்னூ-பி.ஜி. 2021-இல் தன் 2.3 பதிப்பில் ஒரு புதிய பொட்டலத்தைக் கொண்டுவந்தது. ஓ.சி.பி. என்ற வேகமான முறையால் சங்கேதமும் முத்திரையும் ஒருங்கே அமையும் பொட்டலம் அது. அதன் வகை எண் 20. ஐந்தாம் பதிப்புச் சாவி என்ற ஒன்றும் உடன் வந்தது. ஆனால் பணிக்குழு பின்னர் வேறு திசையில் நடந்தது. அதே நோக்கத்தை 18-ஆம் வகைப் பொட்டலத்தின் இரண்டாம் பதிப்பாகவும், ஆறாம் பதிப்புச் சாவியாகவும் அமைத்தது. வெர்னர் கோக் இதை ஏற்கவில்லை. 2023-இல் அவர் லிப்ரே பி.ஜி.பி. என்ற பெயரில் தம் வழியைத் தனி விதியாக அறிவித்தார்.

இரு தரப்பு வாதங்களிலும் பொருள் இருக்கிறது. ஏற்கெனவே மக்கள் கைக்குப் போய்விட்ட வடிவத்தைக் கலைக்கலாகாது. பல்லாண்டு நிலைத்திருப்பதே இத்தகைய முறைக்கு அழகு என்பது கோக்கின் வாதம். வரைவு என்பது முடிவல்ல. விதியைச் செம்மையாக எழுத இதுவே தருணம் என்பது பணிக்குழுவின் வாதம். பணிக்குழு ஒரு நாகரிகத்தையும் காட்டியது: ஐந்து என்ற எண்ணைத் தாண்டி ஆறுக்குச் சென்றது, 20-ஆம் வகையையும் வேறெதற்கும் எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவைத்தது. ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் என்ற பெருங்குழப்பம் இதனால் தவிர்க்கப்பட்டது.

ஆனாலும் நம் உரைகல் வேறு. 'நண்பர் திறக்க முடிகிறதா?' இரு முகாம்களும் ஓ.சி.பி. முறையையே ஏற்கின்றன. அதன் மீதிருந்த காப்புரிமைகளைக்கூட அதைக் கண்டுபிடித்த ரோகவே 2021-இல் கைவிட்டுவிட்டார். 1990-களில் பிரித்தது காப்புரிமை. இப்போது அந்தச் சாக்கும் இல்லை. ஒரே கணக்கை இரண்டு விதமாகப் பொட்டலம் கட்டுவதைத் தவிர, இந்த இடத்தில் கடிதம் எழுதுவோருக்கு இந்தப் பிரிவால் கிடைத்தது ஒன்றுமில்லை. 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஐப் போலவே, இங்கும் இரகசியத்தின் வலிமைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் வடிவம் மாறியிருக்கிறது. இதற்கு ஒரு தரப்பை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. முடிவாகாத வரைவை மக்கள் கையில் கொடுத்தது ஒரு தவறு. மக்கள் கைக்குப் போய்விட்ட வடிவத்துக்கு ஒதுக்கிடம் மட்டும் தந்து, அதைப் படிப்பதற்குக்கூட விதி செய்யாதது மற்றொரு தவறு.

சாவி யாருக்காகப் பேசுகிறது?

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. அது 1998 முதல் எல்லாப் பதிப்புகளிலும் தொடர்ந்து வருகிறது.

விருப்பப் பட்டியல் சாவியோடு ஒட்டியிருக்கிறது என்று கண்டோம். ஆனால் பட்டியலில் சொல்லப்படும் திறமை சாவியினுடையதல்ல, நிரலினுடையது. ஒரு நிரலுக்கு ஒரு சாவி என்றிருந்த காலத்தில் இந்த வேறுபாடு தெரியவில்லை. இன்று ஒரே சாவியை ஒருவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நிரலிலும், கைப்பேசியில் வேறொரு நிரலிலும் வைத்திருக்கிறார். அவர் க்னூ-பி.ஜி. 2.4-இல் சாவியை உண்டாக்கினால், 'நான் 20-ஆம் வகைப் பொட்டலத்தைப் படிப்பேன்' என்று அந்தச் சாவி தானாகவே அறிவித்துவிடும். அதே நிரலை வைத்திருக்கும் நண்பர், அறிவிப்பை நம்பி அவ்வகையில் எழுதுவார். பெறுபவர் பயணத்தில் இருக்கிறார்; கைப்பேசியில் உள்ள நிரலுக்கு அப்பொட்டலம் தெரியாது. எல்லோரும் விதிப்படியே நடந்தார்கள். கடிதம் மட்டும் திறக்கவில்லை!

ஒரே சாவியில் பல முகவரிகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் வைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டு விதி இடமளித்தது உண்மையே. ஆனால் ஒரே முகவரியைப் பல கருவிகளில் படிப்பவருக்கு அது உதவாது. தம் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதையே சாவி அறிவிக்க வேண்டும் என்பதை நிரல்கள் பயனாளருக்கு நினைவூட்ட வேண்டும்; சாவியை வேறு நிரலுக்கு மாற்றும்போது பட்டியலையும் சரிபார்க்க வேண்டும். விதியின் மிகச் சிறந்த கருத்து, அதன் மிகப் பலவீனமான இடமாகவும் இருப்பது வருந்தத்தக்கது.

செய்யக்கூடியவை

மாணவர்களுக்கும், இத்தகைய நிரல்களைப் பயன்படுத்துவோருக்கும் சில வார்த்தைகள். ஒருவருக்கு எழுதுமுன், அவருடைய பொதுச் சாவியின் புதிய நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள், பட்டியல் மாறியிருக்கலாம். உங்கள் சாவியை வேறு நிரலுக்குக் கொண்டுசென்றால், விருப்பப் பட்டியலைத் திருத்தி மறுபடியும் வெளியிடுங்கள். பழைய சங்கேதக் கடிதங்கள் இருந்தால், அவற்றைத் திறக்கும் நிரல் கிடைக்கும்போதே திறந்து, இன்றைய முறையில் மீண்டும் பூட்டிவையுங்கள். கடிதம் திறக்கவில்லை என்று நண்பர் சொன்னால், எல்லோருக்கும் பொதுவான முறையில் மறுபடி அனுப்புங்கள், வெறுமனே அனுப்பாதீர்கள்.

நிரலாக்கம் பயில்வோருக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. 2017-இல் க்னூ-பி.ஜி.-யின் முன்னாள் நிரலாசிரியர்கள் தொடங்கிய செக்கோயா என்ற திட்டம், பல நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சோதிக்கும் தொகுப்பு ஒன்றை நடத்துகிறது. ஒரு நிரல் எழுதியதை மற்றவை படிக்கின்றனவா என்பதைப் பெரிய அட்டவணையாக யாரும் காணலாம். எங்கே இணக்கம் இருக்கிறது, எங்கே இல்லை என்பதை வாதத்தால் அல்லாமல் சோதனையால் காட்டுவதால், இதை ஒரு நல்ல அறிவியல் பாடமாகவே கொள்ளலாம்.

முடிவாக, ஆர்.எஃப்.சி. 9580 கவனத்தோடு எழுதப்பட்ட நூல். பழையதைக் கையாளும் முறையில் அது முந்தைய பதிப்புகளை விஞ்சி நிற்கிறது. ஆனால் இரு வகைப் பொட்டலங்கள் புழங்கும் உலகில், இரண்டையும் படிக்கும் கடமையை எவர் மீதும் அது சுமத்தவில்லை. அடுத்த பதிப்பு எப்போது வந்தாலும், இரு தரப்பாரும் உட்கார்ந்து முதலில் எழுத வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: 'எந்த வடிவில் எழுதுவது என்பதில் நாம் வேறுபடலாம், ஆனால் மற்றவர் எழுதியதை, எச்சரிக்கையோடு, இருவருமே படிப்போம்.'